செல்லின் வாயிற்காவலர்கள்

சென்ற ஆண்டு நாங்கள் பதினோராம் வகுப்பில் அடியெடுத்து வைத்த புதிதில், முதல் செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடி வில்லையில் வைத்து, ஒரு துளி சாயம் விட்டு, கூட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாகச் செல்கள்! மகிழ்ச்சியோடு படம் வரைந்தோம். ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருந்த கோட்டுக்கு அம்புக்குறியிட்டுச் 'செல் சவ்வு' என்று எழுதினோம். மறுநாள் குறிப்பேடுகள் திரும்பி வந்தபோது எல்லோருடைய அம்புக்குறியின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு. "நீங்கள் பார்த்தது செல் சுவர். சவ்வை இந்த நுண்ணோக்கியில் உங்கள் பாட்டிக்குப் பாட்டி வந்தாலும் பார்க்க முடியாது" என்றார் எங்கள் உயிரியல் ஆசிரியை.

கண்ணுக்கும் தெரியாது, நுண்ணோக்கிக்கும் தெரியாது என்றால், அப்படி ஒன்று இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதில் என்னதான் இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன்? இக்கேள்விகளை ஓராண்டாகத் துரத்திச் சென்று நாங்கள் அறிந்தவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சமையலறையில் ஒரு விஞ்ஞானி

செல் சவ்வின் தடிப்பு ஏறத்தாழ 7 நானோமீட்டர். நாம் எழுதும் தாளின் கனம் வரவேண்டுமானால் இப்படிப்பட்ட சவ்வுகளை ஏறக்குறைய 14,000 அடுக்கவேண்டும். இவ்வளவு மெல்லிய ஒன்றைப் பற்றிய முதல் தடயம் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்னும் நகரில் ஆக்னஸ் போக்கல்ஸ் என்னும் பெண்மணி வாழ்ந்தார். பெண்கள் உயர்நிலைப் பள்ளியோடு அவர் படிப்பு முடிந்தது. அக்காலத்தில் அங்குப் பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. தம்பி இயற்பியல் படிக்கச் சென்றார். தமக்கையோ நோயுற்ற பெற்றோரைப் பேணி வீட்டில் இருந்தார். பாத்திரம் கழுவும் நீரில் மிதக்கும் எண்ணெய்ப் பசையை நாமும் தினமும் பார்க்கிறோம். அவர் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரு தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகரும் தகரப் பட்டை, ஒரு சிறு தராசு ஆகியவற்றைக் கொண்டு, நீரின் மேல் பரவும் எண்ணெய்ப் படலத்தை நெருக்கியும் விரித்தும் அளந்தார். 1891-ஆம் ஆண்டு தம் முடிவுகளை இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அதன் மதிப்பை உணர்ந்த ராலே, 'நேச்சர்' இதழில் அதை வெளியிடச் செய்தார்.

பின்னர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் அந்தத் தொட்டியைச் செம்மைப்படுத்தினார். அந்த முறையைக் கொண்டு 1925-இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் கார்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்து நீரில் பரப்பினார்கள். பரவிய பரப்போ, அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல இரு மடங்கு இருந்தது. அப்படியானால் ஒவ்வோர் அணுவையும் கொழுப்பு இரண்டு அடுக்குகளாகப் போர்த்தியிருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் அவர்கள் இரண்டு தவறுகள் செய்திருந்தார்கள். கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைவாகக் கணக்கிட்டுவிட்டார்கள். ஒரு தவறு மற்றொன்றை ஈடுசெய்துவிட, விடை மட்டும் சரியாக அமைந்தது!

இரண்டு அடுக்கு ஏன்?

சவ்வின் கொழுப்பு மூலக்கூறுக்குப் பாஸ்போலிப்பிடு என்று பெயர். இதற்கு ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலைக்கு நீர் என்றால் விருப்பம். வால்களுக்கு நீர் என்றால் வெறுப்பு. செல்லுக்கு உள்ளேயும் நீர், வெளியேயும் நீர். எனவே தலைகள் இரு பக்கமும் நீரை நோக்கி நிற்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து ஒளிந்துகொள்கின்றன. யாரும் கட்டி வைக்காமல் தாமாகவே அணிவகுக்கும் இரட்டை வரிசை இது.

ஆனால் இந்தக் கொழுப்பு வேலி மட்டும் போதாது. உப்பு, சர்க்கரை போன்றவை அதைத் தாண்டி எளிதில் நுழைய முடியாது. இன்சுலின் போன்ற ஹார்மோன்களும் வெளியே நின்றுவிடும். வீட்டுக்குச் சுவர் இருந்து வாசல் இல்லாவிட்டால் குடியிருப்பது எப்படி? அந்த வாசல்களும், வாயிற்காவலர்களும், அழைப்பு மணிகளும்தாம் சவ்வில் பதிந்துள்ள புரதங்கள். பல செல்களில் சவ்வின் எடையில் ஏறக்குறைய பாதி புரதமே. சில புரதங்கள் சவ்வை ஊடுருவி, ஒரு முனை வெளியேயும் மறு முனை உள்ளேயும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சில, உள் பக்கமோ வெளிப் பக்கமோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இவற்றுள் 'ஏற்பிகள்' எனப்படுபவை செய்தி வாங்கும் புரதங்கள். இன்சுலின் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வதில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியைத் தொடுகிறது, அவ்வளவுதான். ஏற்பியின் உள்முனை விழித்தெழுந்து, 'சர்க்கரை வந்திருக்கிறது, வாசலைத் திற' என்று உள்ளே செய்தி அனுப்புகிறது. வந்தவர் வாசலில் மணியடிக்க, வீட்டுக்குள் இருப்பவர் எழுந்து வருவது போலத்தான்.

அசையும் சித்திரம்

புரதங்கள் சவ்வில் ஆணி அடித்தாற்போல் நிற்கின்றனவா, நகர்கின்றனவா? 1970-இல் அமெரிக்காவில் பிரை, எடிடின் என்னும் இருவர் ஓர் எலியின் செல்லையும் ஒரு மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்தனர். எலியின் புரதங்களுக்குப் பச்சை நிறமும் மனிதப் புரதங்களுக்குச் சிவப்பு நிறமும் ஒளிரும்படி சாயமிட்டனர். முதலில் செல்லின் ஒரு பாதி பச்சை, மறு பாதி சிவப்பு. உடல் வெப்பமான 37 பாகையில் நாற்பது நிமிடம் வைத்துப் பார்த்தால் இரு நிறங்களும் ஒன்றோடொன்று கலந்திருந்தன! நன்கு குளிரவைத்தபோது இக்கலப்பு நின்றுபோயிற்று. நெய் சூட்டில் இளகுவதும் குளிரில் உறைவதும் போல.

இதையும் பிற சோதனைகளையும் சேர்த்து, 1972-இல் சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் 'பாய்ம மொசைக் மாதிரி'யை வெளியிட்டனர். கொழுப்புக் கடலில் புரதங்கள் மிதக்கின்றன என்பதே அதன் சாரம். நம் பாடநூலில் உள்ள படம் இதுவே.

கடல் அன்று, பாத்தி கட்டிய வயல்

ஆனால் பாடநூல் படத்தோடு கதை முடிந்துவிடவில்லை. புரதங்கள் மனம்போன போக்கில் அலைவதில்லை. சவ்வின் உட்புறம் புரத இழைகளால் ஆன ஒரு வலை உண்டு. அது வேலி போலச் சவ்வைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி குசுமியும் அவர் குழுவினரும் நொடிக்கு 40,000 படம் எடுக்கும் கருவியால் ஒற்றை மூலக்கூறின் பாதையைப் பின்தொடர்ந்து, 2002-இல் வெளியிட்டனர். அந்த மூலக்கூறு ஒரு பாத்திக்குள் சற்று நேரம் சுற்றுகிறது. பின் வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குக் குதிக்கிறது.

சில செல்களில் மேல் பக்கத்துக்கு ஒரு புரதம், கீழ்ப் பக்கத்துக்கு வேறொரு புரதம் என்ற கட்டுப்பாடும் உண்டு. நம் சிறுகுடலின் செல்கள் இத்தகையவை. உணவு வரும் பக்கத்தில் சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கும் புரதம் இருக்கிறது. இரத்தம் ஓடும் பக்கத்தில் அவற்றை வெளியேற்றும் புரதங்கள் இருக்கின்றன. இடம் மாறாதபடி செல்களுக்கிடையே இறுக்கமான தையல் போட்டாற்போல் இணைப்புகள் உள்ளன. இதனால்தான் சர்க்கரையும் உப்பும் ஒரே திசையில் செல்ல, நீரும் அவற்றைத் தொடர்கிறது. காலரா கண்ட குடலிலும் இந்த வாசல் கெடுவதில்லை. 1971-இல் வங்க தேச அகதிகள் நிறைந்திருந்த பங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ், சிரை வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வயிற்றுப்போக்கு வந்தால் நம் வீட்டில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் இரகசியம் இந்தப் புரதம் தன் இடத்தில் நிற்பதில்தான் இருக்கிறது.

இடம் தவறிய காவலர்

இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சில நாள் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய தாய்மாமா மாரடைப்பால் காலமாகிவிட்டார். வயது முப்பத்தெட்டுதான். புகை, குடி என்ற பழக்கம் ஏதுமில்லாதவர். "குடும்பத்தில் எல்லோரும் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார். மாமாவின் நோய் எங்களுக்கு எப்படி வரும்?" என்று திரும்பி வந்த அன்று அவள் கேட்டாள். ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு கரும்பலகையில் ஒரு குழியை வரைந்தார்.

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகளுக்கு எல்.டி.எல். என்று பெயர். அதைப் பிடித்து உள்ளிழுக்கச் செல் சவ்வில் தனி ஏற்பிகள் உண்டு. இதைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆராய்ச்சி செய்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் மருத்துவர்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக்கூட மாரடைப்பு வருகின்ற ஒரு பரம்பரை நோயே அவர்களை இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டியது. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வில் ஆங்காங்கே சிறு குழிகள் உள்ளன. அவற்றின் உட்புறம் கிளாத்ரின் என்னும் புரதம் கூடை பின்னியது போல் படர்ந்திருக்கும். இப்புரதத்தை 1975-இல் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பார்பரா பியர்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி. இக்குழிகள் செல்லின் பரப்பில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் எல்.டி.எல். ஏற்பிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அங்கேதான் கூடி நிற்கின்றன! குழி சில நிமிடங்களில் உள்நோக்கி மடிந்து, பையாகி, ஏற்பிகளையும் அவை பிடித்த எல்.டி.எல்.லையும் உள்ளே எடுத்துச் செல்கிறது. ஏற்பி தன் சுமையை இறக்கிவிட்டு மீண்டும் மேலே வருகிறது. ஒரு நடைக்கு ஏறக்குறைய பத்து நிமிடம். ஏறத்தாழ இருபது மணி நேர வாழ்நாளில் ஓர் ஏற்பி இப்படிப் பல நடை சென்று வருகிறது.

இந்நோய் உள்ளவர்களில் பலருக்கு ஏற்பியே இருப்பதில்லை, அல்லது குறைவாக இருக்கிறது. ஆனால் ஒரு நோயாளியின் செல்கள் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தன. ஏற்பி இருந்தது, எல்.டி.எல்.லைப் பிடிக்கவும் செய்தது, உள்ளேதான் செல்லவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஏற்பிகள் குழிகளில் கூடாமல் சவ்வெங்கும் சிதறிக் கிடந்தன. காரணம் 1986-இல் தெரிந்தது. 839 அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் புரத மாலையில் 807-ஆவது மணி மட்டும் மாறியிருந்தது. அந்த மணி ஏற்பியின் உள்முனையில், குழி அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் இடத்தில் இருந்தது. காவலர் வேலைக்கு வந்திருந்தார்; வாசலில்தான் நிற்கவில்லை!

இந்த ஏற்பிக்குரிய மரபணு நம்மிடம் இரண்டு உண்டு. தாய் தந்த ஒன்று, தந்தை தந்த ஒன்று. இரண்டும் பழுதானால் சிறு வயதிலேயே ஆபத்து. ஒன்று மட்டும் பழுதானால் ஏற்பிகளில் பாதி வேலை செய்யும். ஆனால் நடுவயதிலேயே, சிலருக்கு அதற்கு முன்பே, இதயக் குழாய்கள் அடைபடலாம். இத்தகையோர் ஏறத்தாழ 250 முதல் 500 பேருக்கு ஒருவர் எனக் கணக்கிடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளை ஒவ்வொருவருக்கும் அப்பழுது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தோழியின் கேள்விக்கு விடை இதுதான். மாமாவுக்கு வந்தது பாட்டியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ என்றால், அதே வழியாக அம்மாவுக்கும் வந்திருக்கலாம்.

மருந்தும் ஒரு பூஞ்சையும்

இதற்கு வழியும் உண்டு. 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அவ்வகையைச் சேர்ந்த ஸ்டாட்டின் மருந்து 1987-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது. அது வேலை செய்யும் விதம் அழகானது. கல்லீரல் செல்லின் சொந்த உற்பத்தி குறைகிறது. கொலஸ்ட்ரால் போதவில்லை என்று உணர்ந்த செல், கூடுதல் ஏற்பிகளைச் செய்து சவ்வுக்கு அனுப்புகிறது. அவை இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கின்றன. நல்ல மரபணு ஒன்றாவது இருந்தால், அதனை இருமடங்கு உழைக்க வைப்பது போல!

தோழியின் வீட்டில் எல்லோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். அவளுக்கு அளவு சரியாக இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு மிக அதிகம். இப்போது மருத்துவர் சொற்படி தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். "மாமாவுக்கு இது தெரிந்திருந்தால்..." என்று தொடங்கிய அவள் அதை முடிக்கவில்லை. நாங்களும் முடித்து வைக்கவில்லை.

அன்புத் தோழியரே! நம் குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால், உறவினர் அனைவரும் மருத்துவரைக் கண்டு இரத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துக்கொள்ளச் செய்வோம். பெண்களுக்கு இதெல்லாம் வராது என்று சொல்லி அம்மா ஒதுங்கினால், அவரையும் விடாமல் அழைத்துச் செல்வோம்.

இவ்வாண்டு இறுதிச் செய்முறை வகுப்பில் மீண்டும் வெங்காயத் தோலை வரைந்தோம். செல் சுவருக்குச் சரியான பெயர் எழுதினோம். அதன் உட்புறமாக மெல்லிய புள்ளிக்கோடு ஒன்றும் போட்டோம். "பார்க்காததை ஏன் வரைந்தீர்கள்?" என்று ஆசிரியை கேட்டார். "பார்க்கவில்லை, டீச்சர்; ஆனால் தெரிந்துகொண்டோம்" என்றோம். இம்முறை சிவப்பு மை படவில்லை.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் பிரிவு மாணவியர்