கை சின்னத்துக்கு வாக்குக் கேட்ட செங்கொடி

2004 மக்களவைத் தேர்தலில் சிவகங்கைத் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் ப.சிதம்பரம். அவர் கூட்டணியில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இருந்தன. 1991-ல் வர்த்தக அமைச்சராக இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர், 1997-ல் நிதியமைச்சராக வருமான வரியை 10, 20, 30 சதவீதம் என்று குறைத்தவர் அவர். இடதுசாரிகள் நாள்தோறும் கண்டித்த தாராளமயத்துக்கு முகவரி கேட்டால் அவரது சொந்த ஊரான கானாடுகாத்தான் என்றே சொல்லிவிடலாம்.

பிறகு ஏன் வாக்குக் கேட்டார்கள்? பாஜக மீண்டும் வந்துவிடக் கூடாது என்பதற்காக. சுமார் 60 எம்.பி.க்களோடு டெல்லி சென்றவர்கள் அமைச்சரவையில் சேரவில்லை. குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். 2004 ஜூலை பட்ஜெட்டிலேயே உரசல் வந்தது. காப்பீட்டுத் துறையில் அந்நிய முதலீட்டு வரம்பை 26-லிருந்து 49 சதவீதமாக்குவேன் என்றார் நிதியமைச்சரான சிதம்பரம். இடதுசாரிகள் விடவில்லை. 2005-ல் பொதுத்துறை பெல் நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை விற்க அரசு முடிவெடுத்தபோது கூட்டணி அரசோடு பேசும் ஒருங்கிணைப்புக் குழுவுக்கே வரமாட்டோம் என்றார்கள். ஆகஸ்டில் விற்பனை கைவிடப்பட்டது.

சிவகங்கைத் தொகுதியின் செட்டிநாட்டுப் பகுதிக்கு அரசுடைமையா தனியாரா என்ற இந்த வழக்கு ஏட்டு அரசியல் அல்ல. 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒருசேரத் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1969-ல் அரசுடைமையானது.

பிடிக்காத அமைப்புக்குள் இருப்பதா என்ற இதே தலைவலி பிரிட்டன் இடதுசாரிகளுக்கு ஐரோப்பாவால் வந்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இருந்தால் நாடாளுமன்றத்தின் கை கட்டப்படும் என்று 1975 பொது வாக்கெடுப்பில் லேபர் கட்சியின் டோனி பென் எதிர்த்தார். 67 சதவீதத்தினர் இருப்போம் என்றார்கள். பிரதமர் தாட்சர் தொழிற்சங்கங்களை ஒடுக்கிய பிறகு கணக்கு மாறியது. 1988-ல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர் தொழிற்சங்க மாநாட்டுக்கே வந்து தொழிலாளர் உரிமை பற்றிப் பேச, சங்கங்கள் ஐரோப்பா பக்கம் சாய்ந்தன. 2016 வாக்கெடுப்பில் லேபர் கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் அரைமனதோடு இருப்போம் என்றார். ஆர்எம்டி ரயில்வே சங்கம் வெளியேறுவோம் என்றது.

இதையெல்லாம் கொள்கைத் தடுமாற்றம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. பிடிக்காத வீட்டிலும் தடுக்கும் பலம் இருக்கும்வரை இருக்கலாம் என்பது நியாயமான கணக்கே. நம் இடதுசாரிகள் அந்தப் பலத்தைத் தாங்களாகவே விட்டதுதான் பிசகு. அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் ஆதரவை விலக்கினார்கள். 2009-ல் இங்கே அதிமுக அணியில் நின்றார்கள். சிதம்பரம் 3,354 வாக்குகளில் தப்பினார், இடதுசாரிகள் 24 எம்.பி.க்களாகச் சுருங்கினார்கள். காப்பீட்டு வரம்பு 2015-ல் காங்கிரஸ் ஆதரவோடே 49 ஆனது, 2021-ல் 74.