தானே அணையும் மடிக்கணினி: காரணம் காணும் முறை

வேலை நடந்துகொண்டிருக்கையில் மடிக்கணினியின் திரை முன்னறிவிப்பின்றி இருண்டு, யந்திரம் அணைந்துவிடுவது பலரும் கண்ட அநுபவமாகும். சேமிக்கப்படாத எழுத்து அக்கணமே அழிகிறது. பதிவாகிக்கொண்டிருந்த கோப்பு பழுதடையவும் கூடும். இவ்வாறு நேர்ந்தவுடன் சிலர் புதிய பாட்டரி வாங்குகின்றனர். சிலர் மென்பொருள் முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுகின்றனர். காரணம் அறியாமல் செய்யும் இம்முயற்சி பெரும்பாலும் வீணாகிறது. லினக்ஸில் இயங்கும் கணினியிலோ, காரணத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு.

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டது லினக்ஸ். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க முறைமையும், கேரளப் பள்ளிகளில் வழங்கும் முறைமையும் இதனையே அடிப்படையாகக் கொண்டவை. இம்முறைமை, தன்னுள் நிகழ்வனவற்றை ஒரு குறிப்பேட்டில் இடைவிடாது எழுதிவருகிறது. ‘ஜர்னல்சிடிஎல்’ என்னும் கட்டளையால், கணினி சென்றமுறை இயங்கியபோது எழுதப்பட்ட குறிப்பின் கடைசி வரிகளைப் படிக்கலாம்.

அவ்வரிகள் இருவகையாக இருக்கும். நிரல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, வட்டுகள் விடுவிக்கப்பட்ட செய்தி காணப்படுமாயின், கணினியை நிறுத்தும்படி மென்பொருளே ஆணையிட்டது என்பது பொருள். அந்த ஆணைக்குரிய காரணமும் அருகிலேயே எழுதப்பட்டிருக்கும். அவ்வாறன்றி, குறிப்பு நடுவிலேயே அறுபட்டிருந்தால், பெரும்பாலும் மின்சாரம் திடீரென்று துண்டிக்கப்பட்டது எனக் கொள்ளலாம். குறிப்பு இல்லாமையே இங்கு ஒரு சாட்சியாகும்.

முதலில் ஆராயத்தக்கது உஷ்ணம். பல செயலிகள் ஏறத்தாழ 100 டிகிரி சென்டிகிரேடு வரையே தாங்கும். அந்த எல்லையை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்பொழுதும் சூடு தணியாவிடில், உஷ்ணநிலை அபாய எல்லையை எட்டியது என்னும் பொருளுடைய வரியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, லினக்ஸ் கணினியை நிறுத்துகிறது. சூடு அதனினும் விரைவாக ஏறினால், செயலியிலுள்ள காப்புச் சுற்று மின்சாரத்தை நேரே துண்டித்துவிடும், எழுதுவதற்கு அவகாசமிராது. ‘சென்சார்ஸ்’ என்னும் கட்டளை உஷ்ணநிலையை அவ்வப்போது காட்டும். விசிறியில் தூசி அடைத்திருப்பதும், செயலியின்மேல் பூசிய வெப்பக்கடத்திப் பசை உலர்ந்திருப்பதும், கணினியை மெத்தையின்மீது வைத்துக் காற்றுத் துளைகளை மூடுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள்.

விசிறி அறைக் காற்றைக் கொண்டே செயலியைக் குளிர்விக்கிறது. ஆகையால் ஒரே வேலையைச் செய்யும்போது, அறை 15 டிகிரி கூடினால் செயலியும் ஏறக்குறைய அதே அளவு கூடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாகபுரி போன்ற நகரங்களில், குளிர்காலத்தில் குறையின்றி இயங்கிய கணினி கோடையில் அணைவதன் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

இரண்டாவது காரணம் பாட்டரி. லித்தியம் அயனிப் பாட்டரி முதுமையடையும்போது அதன் உட்தடை பெருகுகிறது. வேலைப்பளு திடீரென ஏறுங்கால் மின்னழுத்தம் சரிந்து, திரை 30 சதவீதம் எஞ்சியிருப்பதாகக் காட்டும்போதே கணினி அணைந்துவிடலாம். ‘யூபவர்’ என்னும் கருவி, பாட்டரியின் ஆரம்பக் கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் அருகருகே காட்டும். சார்ஜர் இணைந்திருக்கும்போது அணையாமல், பாட்டரியில் மட்டும் அணையுமாயின் ஐயம் பாட்டரியின்மேல் செல்லும். பாட்டரி உப்பியிருப்பின் அதனை உடனே பயன்பாட்டினின்று நீக்கவேண்டும்; துளைத்தலோ அழுத்துதலோ தீ விபத்துக்கு இடமாகும்.

இவ்விரண்டும் காரணமல்லவெனில், நினைவகத்தை ‘மெம்டெஸ்ட்’ நிரலால் சோதித்தபின், சார்ஜரையும் தாய்ப்பலகையையும் பழுதுபார்ப்போரிடம் காட்டலாம்.

சோதனையைத் தொடங்குமுன் முக்கியக் கோப்புகளுக்கு வேறோரிடத்தில் நகலெடுத்து வைத்தல் இன்றியமையாதது. ஒவ்வொருமுறை அணையும்போதும் நேரம், செய்த வேலை, சார்ஜர் இணைந்திருந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்கவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினாலும் அதன் காரணம் விளங்காது. பொறுமையுடன் இம்முறையைக் கையாளுவோர்க்கு, புதிய உறுப்புகளை வாங்கும் செலவு பலசமயம் விசிறியைத் துடைக்கும் வேலையோடு முடிந்துவிடும்.