வசைகளுக்கு நடுவே குறைகளைக் கண்டறிவது எப்படி? வீடியோ கேம் நிறுவனங்களின் வழிமுறைகள்

வீடியோ கேம்களை மேம்படுத்த, அவற்றை விளையாடுவோரின் கருத்துகள் இன்றியமையாதவை. ஆனால், அவற்றுடன் வசைகளும் மிரட்டல்களும் சேர்ந்தே வருவதால், நியாயமான குறைகளைப் பிரித்தறிவது நிறுவனங்களுக்குச் சவாலாகியுள்ளது.

சுவீடனின் ஆரோஹெட் நிறுவனம் உருவாக்கிய 'ஹெல்டைவர்ஸ் 2' இதற்கு எடுத்துக்காட்டு. கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைப்பது கட்டாயம் என, அதன் வெளியீட்டாளரான சோனி 2024 மே 3-ஆம் தேதி அறிவித்தது. அந்தக் கணக்கைத் தொடங்க இயலாத நாடுகளில் கேமை வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். ஸ்டீம் தளத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமான எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. தங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு என ஆரோஹெட்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி யோஹான் பிலெஸ்டெட் ஒப்புக்கொண்டார். மே 6-ஆம் தேதி சோனி அந்த முடிவைக் கைவிட்டது.

எனினும், எல்லா எதிர்ப்பும் கேமின் தரம் குறித்ததாக இருப்பதில்லை. தொடர்பற்ற காரணங்களுக்காகத் திரளாகப் பதிவிடப்படும் மதிப்புரைகளை மதிப்பெண் கணக்கில் சேர்க்காத முறையை, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது. அப்பதிவுகள் நீக்கப்படுவதில்லை, விரும்புவோர் அவற்றைப் படிக்கலாம்.

ஊழியர்களைக் குறிவைக்கும் தாக்குதல்களுக்கு அணுகுமுறை வேறு. மிரட்டல், அவதூறு போன்றவற்றில் ஈடுபடுவோருக்குச் சேவை மறுக்கப்படலாம், சட்ட நடவடிக்கையும் எடுக்கப்படலாம் என ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் 2025 ஜனவரியில் கொள்கை வெளியிட்டது. வாடிக்கையாளர்களின் கருத்துகள் தங்கள் படைப்புகளை மேம்படுத்த உதவுவதாகவும் அதே கொள்கை குறிப்பிடுகிறது.

கேம் மீதான கோபம் எவ்வளவு கடுமையானாலும் அது கருத்தே. ஊழியர் மீது திரும்பும்போது அது குற்றமாகிறது என்பதே இந்த வழிமுறைகளின் அடிப்படை.