தரங்கம்பாடித் தெருக்களிலே

வேளாங்கண்ணி அன்னையைத் தரிசித்துத் திரும்பும் வழியில் நாம் தரங்கம்பாடியில் இறங்கினோம். உடன் வந்தோர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பங்கு இளைஞரும் அவர்தம் குடும்பத்தாருமாவர். பலமுறை அவ்வூரைக் கடந்து சென்றிருந்தும், அதன் தெருக்களில் நாம் கால் பதித்தது அன்றே முதன்முறை.

1792இல் எழுப்பப்பெற்ற நகர வாயிலைக் கடந்ததும், ராஜ வீதி நேரே கடலை நோக்கிச் செல்கின்றது. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620இல் டேனியர் அமைத்த டான்ஸ்போர்க் கோட்டை கரையிலே நிற்கின்றது. 1845இல் அவர்கள் ஊரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்று அகன்றனர். அருகே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுவிட்டது.

எம் குழுவில் ஒரு தாயும் மகனும் இருந்தனர். மகன் மணக்க விரும்பிய பெண் லுத்தரன் சபையைச் சார்ந்தவள். அதனால் இருவருக்குமிடையே பல திங்களாகப் பேச்சில்லை. திரும்பும் வழியில், 1718இல் கட்டப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தை அடைந்தபோது, மகன் உள்ளே சென்றான். தாய் வாயிலிலேயே நின்றுவிட்டார்.

1706 ஜூலை 9இல் இக்கரையில் இறங்கிய சீகன்பால்கு அடிகளார் இவ்வாலயத்தினுள் துயில்கின்றார். தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தவர். 1719இல் மறைந்தபோது அவருக்கு வயது 36.

அவ்வன்னையிடம் நாம் ஒரு செய்தி கூறினோம். நம் வீரமாமுனிவர் தரங்கம்பாடிப் போதகர்களுடன் கடுமையாக வாதிட்டவர். அவர்களை மறுத்தே ‘வேத விளக்கம்’ எழுதினார். எனினும், அவர் இலத்தீனில் யாத்த கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது எந்த அச்சகம்? இதே தரங்கம்பாடி அச்சகமே! கொள்கையில் எதிர்த்தவர்கள், தமிழறிவில் அவரது தகுதியை மறுக்கவில்லை.

அன்னை மறுமொழி கூறவில்லை, உள்ளே வரவுமில்லை. பேருந்து சீர்காழியைத் தாண்டிய பின்னரே நம்மிடம், “சாமி, முனிவர் புத்தகத்தை இவங்களேவா அச்சுப் போட்டாங்க?” என வினவினார். பின்னர்ச் சற்றுத் தயங்கி, “அந்தப் பொண்ணு கோயிலுக்குத் தவறாமப் போவுமாடா?” என்று மகனைக் கேட்டார். பல திங்களுக்குப் பின் அவர் மகனிடம் பேசிய முதற்சொல் அதுவே.

அன்புக் குடும்பத்தாரே, சபை வேற்றுமை சிறிதன்று. அதனை மறைத்தல் உண்மைக்கு அழகன்று. கலப்பு மணத்திற்கு ஆயரின் அனுமதி வேண்டும். தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்களித்து வளர்க்கத் தன்னால் இயன்றதனைத்தும் செய்வதாகவும் கத்தோலிக்கத் தரப்பினர் வாக்களித்தல் வேண்டும். ஆயினும், ஒரே திருமுழுக்கினால் பிணைக்கப்பட்டோரைப் ‘பிரிந்த சகோதரர்’ எனவே 1964இல் வத்திக்கான் சங்கம் அழைத்தது. சகோதரர் என்னும் சொல்லை வாயால் உரைத்துவிட்டு, வீட்டு வாயிலை அடைத்துக்கொள்ளல் தகுமோ?

வேளாங்கண்ணி செல்வோர் ஒரு மணிப்பொழுது தரங்கம்பாடியில் இறங்கி நடப்பீர்களாக. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவ்வாலயத்தினுள் ஒரு கணம் நின்று, “எல்லாரும் ஒன்றாயிருப்பார்களாக” என்று நம் ஆண்டவர் மன்றாடியதை நினைந்து செபியுங்கள்.