வீட்டில் ஒரு முருகைக்கற் கடல்

கொழும்பிலுள்ள நம்மவர் வீடுகளில் மீன் வளர்த்தல் புதிய வழக்கமன்று. முன்கூடத்து மூலையில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டி, அதனுள் இரண்டு பொன்மீன்கள், ஓயாது குமிழி விடும் காற்றுக் குழாய் ஒன்று என்னுங் காட்சியை நம்முட் பலர் இளமையிற் கண்டிருப்பர். இன்று சிலருக்கு அதனினும் பெரிய ஆசை எழுந்துள்ளது. ஆறடி நீளத் தொட்டியில் உவர்நீர் நிரப்பி, கற்பாறை அடுக்கி, நீல ஒளி பாய்ச்சி, முருகைக்கற் கடலின் ஒரு துண்டையே கூடத்திற் கொண்டுவந்து நிறுத்த விழைகின்றனர். நன்றாக அமைந்த அத்தகைய தொட்டியைப் பார்ப்பவர் கண்ணுக்குக் குழாயோ வடியோ பம்பியோ தோன்றா. கடல் தானே உயிர்த்து நிற்பது போல் இருக்கும். அந்தத் தோற்றத்தைத் தாங்கி நிற்பது தொட்டியின் கீழ் அலுமாரிக்குள் மறைந்திருக்கும் பகுதி. இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

மறைவாக இத்துணை ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். கடலில் மீன் ஒன்று வெளிவிடுங் கழிவு நொடிப்பொழுதிற் கரைந்து எங்கோ போய்விடும். தொட்டியிலோ அது போக இடமில்லை. கழிவிலிருந்து அமோனியா தோன்றுகின்றது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறு பற்றீரியாக்கள் நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். இந்த நைத்திரேற்றை மீன்கள் ஓரளவு பொறுக்கும். முருகையுயிர்கள் அத்துணை பொறா. அவற்றின் உடலினுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவாக்கி, அதிற் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. நீர் தெளிவாகவும் ஒளி மிகுந்தும் வெப்பம் சீராகவும் இருந்தாலன்றி இந்தக் கூட்டுவாழ்வு நிலையாது.

இக்கலையின் வரலாறு சுவையானது. 1850களில் இலண்டனில் வீட்டுக் கடற்றொட்டி ஒரு பெரும் மோகமாயிருந்தது. 1853இல் அந்நகர் மிருகக்காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு மனை திறந்தார்கள். அண்டை நாட்டிற் சென்னைக் கடற்கரையில் 1909இல் ஒரு மீன்காட்சிசாலை எழுந்தது. ஆனால் முருகைக்கல்லை வீட்டில் உயிரோடு வைத்திருத்தல் நெடுங்காலம் கைகூடவில்லை. நம்மைப் போன்றே வெப்பமண்டலத்தவரான லீ சின் எங் என்பவர் யக்கார்த்தா நகரில், உயிர்கள் அடர்ந்த கற்களையும் காற்றுக் குமிழியையும் மாத்திரம் கொண்டு அதனைச் சாதித்து, தம் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். கல்லில் வாழும் பற்றீரியாக்களே சிறந்த வடிகட்டி என்பது அவர் கண்ட உண்மை. பின்னர் பேர்லின் நகரத்து ஆர்வலர்கள் அக்கல்லோடு நுரை பிரிக்குங் கலத்தையும் வலிய ஒளியையும் சேர்த்தனர். இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுவது ஏறக்குறைய அவர்கள் வழியே.

இனித் தொட்டிக்கு வருவோம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று கொள்வோம். கனவளவு 24 கனவடி. நிரம்பினால் ஏறக்குறைய 680 லீற்றர். கடல்நீர் நன்னீரிலும் பாரமானது. ஆதலின் நீர் மாத்திரம் 697 கிலோ. பன்னிரண்டு மில்லிமீற்றர் கண்ணாடி 120 கிலோ. கல், மணல், கீழ்த்தொட்டி, அலுமாரி ஆகியவற்றையுங் கூட்டினால் 1,000 கிலோவைக் கடந்துவிடும். கொட்டாஞ்சேனையில் நிலத்தோடு அமைந்த பழைய வீட்டில் இதுபற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடியிற் கவலைப்படத்தான் வேண்டும். வீட்டுத் தளங்களுக்குப் பொறியியலாளர் பொதுவாகக் கணக்கிடும் சுமை சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையில். இத்தொட்டியின் அடியிலோ அது 900 கிலோவுக்கு மேல். தளத்தின் நடுவே வைப்பது தகாது. வளையின் மேலோ பாரந்தாங்கும் சுவரின் ஓரமாகவோ, அதுவும் கட்டடத்தை அறிந்த பொறியியலாளர் ஒருவரைக் கேட்டே, வைத்தல் வேண்டும்.

பம்பியையும் வடிகட்டியையும் மறைக்கும் வழி எளிது. நம் குளங்களை அறிந்தவருக்கு மிக எளிது. குளம் நிரம்பினால் மிகைநீர் வான் பாய்ந்து வெளியேறுமன்றோ? அதுபோலத் தொட்டியின் பின்புற மூலையிற் கருங்கண்ணாடியால் ஓர் ஒடுங்கிய அறை அமைத்து, அதன் மேல்விளிம்பை நீர்மட்டத்தில் நிறுத்துவர். நீர் அவ்விளிம்பைத் தாண்டி வழிந்து, அறையின் அடியிலுள்ள குழாய்வழியே கீழ் அலுமாரியில் இருக்கும் இரண்டாந் தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தியான நீரைப் பம்பி ஒன்று மீண்டும் மேலேற்றும். மணிக்கு 3,000 முதல் 3,500 லீற்றர் வரை இவ்வாறு சுழன்றாற் போதும். இறங்கு குழாய்கள் இரண்டு இருத்தல் நலம். ஒன்று முழுதும் நீர் நிறைந்து ஓடும். அதிலே சத்தம் எழாது. மற்றது, முதற் குழாய் நத்தையாலோ பாசியாலோ அடைபடும் நாளுக்காகச் சற்று உயரத்தில் வெறுமனே காத்து நிற்கும்.

தொடங்குவோரிற் பலர் எண்ணிப் பாராத கணக்கு ஒன்று இங்கே உண்டு. மின்சாரம் நின்றால் என்னாகும்? பம்பி நின்றதும், விளிம்புக்கு மேல் நிற்கும் நீர் முழுதும் கீழே இறங்கிவிடும். மேற்றொட்டியின் பரப்பு 12 சதுர அடி. நீர்மட்டம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்தால் இறங்குவது ஒன்றரைக் கனவடி. அதாவது 42 லீற்றர். கீழ்த்தொட்டி மூன்றரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உடையதாயின் அதன் முழுக் கொள்ளளவு 223 லீற்றர். பத்து அங்குல உயரத்துக்கு மாத்திரம் நீர் நிறுத்தினால் 124 லீற்றர் நிற்கும்; ஏறக்குறைய 99 லீற்றருக்கு வெற்றிடம் உண்டு. இதுவரை இடரில்லை. ஆனால் நீரை மேலேற்றுங் குழாயின் வாய் மேற்றொட்டியில் ஆறங்குல ஆழத்தில் அமிழ்ந்திருக்குமாயின், பம்பி நின்றவுடன் அக்குழாயே சைபன் ஆகிப் பின்னோக்கி இழுக்கத் தொடங்கும். பௌதிக ஆய்வுகூடத்தில் ஒரு முகவையிலிருந்து மறுமுகவைக்கு நீர் ஓடியதைப் பார்த்து மகிழ்ந்தோமே, அதே சைபன்! அது 170 லீற்றரைக் கீழே கொண்டுவரும். 99 லீற்றருக்கே இடமுள்ள தொட்டியில் எஞ்சிய 71 லீற்றர் எங்கே போகும்? நம் தரைக்கும், பின்னர்க் கீழ்மாடிக்காரரின் கூரைக்கும் போகும். மருந்தோ சிறிது. குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மாத்திரம் நிறுத்தி, மட்டத்துக்கு ஓர் அங்குலம் தாழ அதிலே சிறு துளை ஒன்று இட்டால், காற்றுப் புகுந்து சைபன் அறுந்துவிடும். அத்துளையை உப்பும் பாசியும் அடைக்காதவாறு மாதந்தோறும் ஊசியாற் குத்திப் பார்க்க வேண்டும். தொட்டி நிரப்பிய முதல் நாளிலேயே, மீன் விடுமுன், பம்பியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தல் கட்டாயம்.

கீழ்த்தொட்டியைக் கண்ணாடித் தடுப்புகளால் மூன்று அறைகளாக்குவர். முதலறையில் துணிப்பை ஒன்றும் நுரை பிரிக்குங் கலமும் இருக்கும். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாகி மேலே திரள, அதனை அகப்பையால் அள்ளி எறிகின்றோம். இக்கலமும் நீருடன் நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கலந்து, கரைந்துள்ள கழிவை நுரையாக்கி ஒரு கிண்ணத்தில் ஒதுக்குகின்றது. தென்மேற் பருவக்காற்றுக் காலத்தில் வெள்ளவத்தைக் கரையில் ஒதுங்கும் மங்கல் நிற நுரையும் இத்தகையதே. இந்த வித்தை நன்னீரிற் சரிவரப் பலியாது. நடுவறையிற் கடற்பாசி வளர்த்தால் அது நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் உணவாகக் கொள்ளும். இரவில் அதற்கு விளக்கிட்டால், மேற்றொட்டி இருளிற் காபனீரொட்சைட்டால் அமிலத்தன்மை மிகுவதும் குறையும். மூன்றாம் அறை பம்பிக்கு. ஆவியாதலால் நீர் குறைவதும் அவ்வறையிலேயே தெரியும். ஆவியாவது நீர் மாத்திரமே, உப்பு அன்று. ஆதலின் குறைவை ஈடுசெய்ய ஊற்றவேண்டியது நன்னீர். உப்புநீரை ஊற்றினால் நாளடைவில் உவர்ப்பு மிகும்.

மறைத்தல் வேறு, அடைத்தல் வேறு. அழகுக்காக அலுமாரியை நாற்புறமும் இறுக மூடினால் உள்ளே ஈரமும் வெப்பமும் தேங்கும். சாதாரண ஒட்டுப்பலகை ஊதிவிடும். இரும்புப் பிணைச்சல்கள் துருவேறும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இரும்பின் ஆயுள் இயல்பாகவே குறைவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அலுமினியச் சட்டமும் பின்புறம் திறந்த அமைப்பும் ஏற்றவை. நுரைக் கிண்ணத்தை எடுக்கவும் பம்பியைக் கழற்றவும் கை தாராளமாக நுழைதல் வேண்டும். எட்டாத இடத்திலுள்ள கருவியை எவரும் துப்புரவாக்குவதில்லை.

கொழும்பில் வெப்பமே பெரும்பகை. முருகைக்கற்றொட்டிக்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ் ஏற்றது. நம் அறைகளோ பகலில் 30 பாகையைத் தாண்டுவன. விசிறி கொண்டு நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை வறண்ட நாடுகளிற் சிறக்கும். நம்முடைய ஈரக்காற்றில் அதன் பயன் அளவோடுதான். ஆகவே குளிராக்கி ஒன்று வேண்டும். அக்குளிராக்கி நீரிலிருந்து எடுத்த வெப்பத்தைத் தன்னைச் சுற்றியே கக்கும். அதையும் அலுமாரிக்குள் ஒளித்துவைத்தால், ஒருபுறம் குளிர்வித்து மறுபுறம் அடுப்பு மூட்டியதாக முடியும். சுவரைத் துளைத்துக் குழாய் கொண்டுபோய் வெளிமாடத்தில் வைப்பதே முறை. சற்றுக் கூடுதல் செலவுதான். ஆயினும் வேறு வழி தோன்றவில்லை.

மின்சாரம் பற்றி இரண்டு சொற்கள். உப்புநீர் மின்னை நன்கு கடத்தும். ஆதலால் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் இத்தொட்டியை ஓட்டலாகாது. செருகிக்கு வரும் ஒவ்வொரு வடமும் முதலிற் கீழே தொங்கிப் பின் மேலேறட்டும். வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். அடுத்தது மின்வெட்டு. 2022 மார்ச் 31ஆம் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்துக் குரங்கு ஒன்றே காரணமெனக் கூறப்பட்டது. சுழற்சி நின்றால் முதலிற் குறைவது ஒட்சிசன். மீன்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து நிற்கத் தொடங்கினால் நேரம் குறைவு என்பது பொருள். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்று, விலை அற்பமாயினும், தொட்டி முழுவதையும் காக்க வல்லது.

கடல் காலடியில் இருக்க உப்பை ஏன் விலைகொடுத்து வாங்கவேண்டும் என்பர் சிலர். கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், முகத்துவாரத்திற் களனி கங்கை கடலோடு கலக்கின்றது. மழைக்காலத்திற் கரைநீரின் உவர்ப்பு தாழ்ந்து சேறும் மிகும். வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கால்வாய்கள் நகரத்தின் கழிவைக் கடலிற் சேர்க்கின்றன. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியதையும் கண்டோம். லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்னுங் கணக்கில், தூய்தாக்கிய நீரில் ஆய்ந்தமைத்த உப்பைக் கரைத்தலே பாதுகாப்பானது. குழாய்நீரை அவ்வாறே சேர்க்கலாகாது. அதன் குளோரீன் ஒருபுறமிருக்க, செப்பின் சிறு சுவடும் இறாலையும் முருகையுயிரையும் கொல்லும்.

இனி, தொட்டியில் எதனை வைப்பது? இலங்கையின் முருகைக் கடலை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் றொட்னி ஜொங்கிளாஸ். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றியவர். 1956இல் இங்கு வந்த ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகியோருடன் கடலடியிற் சுழியோடியவர். வண்ணமீன் பிடித்தல் பற்றி நூலும் எழுதியவர். அவர்கள் கண்ட கடல் இன்றில்லை. 1998இல் நீர் சூடேறியபோது முருகையுயிர்கள் தம்முள் வாழ்ந்த அல்காவை வெளியேற்றி வெளுத்தன; இக்கடுவையில் அவற்றிற் பெரும்பகுதி மடிந்தது. 2016இல் மீண்டும் வெளுத்தன. கன்முருகைகள் இன்று இந்நாட்டிற் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே, 'இரகசியமாக ஒரு கிளை உடைத்துத் தருகிறேன்' என்று எவர் வந்தாலும் வாங்குதல் குற்றம். அந்தக் கிளை தொட்டியிற் பிழைப்பதும் அருமை. பாறைக்குச் சீமெந்தையும் சுண்ணாம்புக்கற் பொடியையும் வார்த்துச் செய்த கற்களே போதும். அவற்றைச் சில கிழமை நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் காரம் நீக்கிப் பயன்படுத்தினால், பற்றீரியாக்கள் அவற்றிலும் குடியேறும். உயிர்முருகை வேண்டுவோர், வளர்ப்பகங்களிற் பெருக்கப்பட்டு அனுமதிப்பத்திரத்தோடு வருவனவற்றையே நாடுக.

மீன்களிற் கோமாளி மீன் தொடக்கத்துக்கு உகந்தது. அது தொட்டிகளிலேயே இனம்பெருக்கப்படுகின்றது; மண்டபத்தில் இந்திய கடல்மீன்வள ஆய்வாளரும் அதிற் கைதேர்ந்துள்ளனர். வண்ணத்துப்பூச்சி மீன்களின் அழகு எவரையும் மயக்கும். ஆயின் அவற்றுட் பல முருகையுயிரையே தின்று வாழ்வன. வீட்டிற் பட்டினியால் மெலிந்து சாகும். கடையில் எத்துணை மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை வாங்காதிருத்தல் நன்று. எந்த மீனையும் உடனே விடலாகாது. தொட்டி ஓடத் தொடங்கி நான்கு முதல் ஆறு கிழமை வரை பற்றீரியா பெருகும் பருவம். அமோனியாவும் நைத்திரைற்றும் எழுந்து தணிந்து, சோதனையில் இரண்டும் இல்லையென்று தெரிந்த பின்னரே முதலாவது மீன். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் சிறுவருக்கு இது நெடிய காலமே.

வெள்ளவத்தைக் குடும்பங்களுக்குச் சிறப்பாக உரிய தொல்லை ஒன்றையுங் கூறவேண்டும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். பலர் அவ்வேளை வீட்டைப் பூட்டி யாழ்ப்பாணம் சென்றுவிடுவர். தொட்டிக்கு விடுமுறை இல்லை. அயலவரிடம் சாவியைக் கொடுப்பதாயின், அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டிவையுங்கள். கீழ்த்தொட்டியில் நீர் எந்தக் கோடு வரை நிற்கவேண்டும், எந்தக் கலனிலுள்ள நன்னீரை ஊற்றவேண்டும், நாளொன்றுக்கு எத்தனை சிட்டிகை உணவு, மின்சாரம் நின்றால் எந்தப் பம்பியை இயக்கவேண்டும் என்பவற்றைப் பெரிய எழுத்தில் அதில் எழுதுங்கள். உணவை நாளுக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களிற் கட்டிக் கொடுத்தல் நலம். இரக்கமுள்ள அயலவர் ஒரே நாளில் முழுவதையுங் கொட்டிவிடுவர்.