வெனிஸ்: கிணற்றடியில் ஆளில்லாத நகரம்

இத்தாலியின் வெனிஸ் நகரில் காலையில் ரயிலில் வந்திறங்கி மாலையில் திரும்பும் பயணிகள், பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கின்றனர். ரயில் நிலையத்தில் தொடங்கி, 1591இல் ஒற்றைக் கல்வளைவாகக் கட்டி முடிக்கப்பட்ட ரியால்டோ பாலத்தைக் கடந்து, புனித மாற்கு சதுக்கத்தில் முடிகிறது அத்தடம். அங்கே, 1902இல் இடிந்து விழுந்து பத்தாண்டுகளில் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்ட மணிக்கோபுரமும், பேராலயத்தின் முகப்பிலுள்ள வெண்கலக் குதிரைகளும் (மூலச் சிலைகள் உள்ளே இருக்க, வெளியே நிற்பவை நகல்கள்) படத்தில் அடங்கிவிட்டால், ஊரைப் பார்த்தாயிற்று என்ற நிறைவு வந்துவிடுகிறது.

தடத்தை விட்டு இரண்டு சந்துகள் விலகினால், 'காம்போ' எனப்படும் சிறு சதுக்கமும், அதன் நடுவே இரும்பு மூடியிட்ட கல் கிணற்றுவாயும் தென்படும். உப்புநீர் சூழ்ந்த ஊரில் நிலத்தடி நன்னீர் எளிதில் கிட்டாது என்பதால், சதுக்கத்தின் தரையையே தோண்டிக் களிமண் பூசி, மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை எழுப்பினர். கல்தளத்தின் துளைகள் வழியே இறங்கிய மழைநீர், மணலில் வடிந்து தெளிந்து உறைக்குள் சேர்ந்தது. சில கிணறுகளின் அடிக்கல்லில், நாயும் பூனையும் குடிக்கச் சிறு குழி செதுக்கியிருப்பதை இன்றும் காணலாம். 1884இல் குழாய்நீர் வந்தபின் இவை படிப்படியாகப் பயனிழந்தன.

தண்ணீர் வேறு வழியில் வந்துவிட்டது. கிணற்றடியில் கூடிய அக்கம்பக்கத்தாருக்குத்தான் மாற்றில்லை. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில், 2022இல் 50,000க்கும் குறைவானோரே எஞ்சினர். ரியால்டோ அருகே ஒரு மருந்துக்கடை, குறைந்துவரும் இவ்வெண்ணிக்கையைத் தன் கண்ணாடிச் சாளரத்தில் மின்பலகையாகவே வைத்திருக்கிறது. பயணிகளின் பணம் இல்லையேல் கட்டடங்களைப் பேண முடியாது என்போரும் உண்டு. பேணிய கட்டடத்தில் யார் குடியிருப்பார் என்பதற்கு அவர்களிடம் தெளிவான விடையில்லை.

கூட்ட நெரிசல் மிகுந்த குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணியிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறும் முறை 2024 ஏப்ரல் 25இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு, கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு அது 10 யூரோவானது. ஒரு குளிர்பானத்துக்கே அந்த அளவு செலவாகும் ஊரில் இத்தொகை யாரையும் தடுக்கப்போவதில்லை. இரவு தங்குவோர் தனியே தங்கும் வரி செலுத்துவதால், அவர்களுக்கு இக்கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் தங்கும் அறைகளில் பல, முன்பு குடும்பங்கள் வாழ்ந்து, இப்போது நாள்வாடகைக்கு விடப்படும் வீடுகள்.