இரண்டாவது டிஸ்க்குக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

கல்யாணம் முடிந்து ஆல்பம் வாங்கப் போனால், "ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்திருக்கீங்களா சார்?" என்றுதான் இப்போது ஸ்டுடியோவில் கேட்கிறார்கள். நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் என்று இரண்டு மூன்று கேமராவில் எடுத்த காட்சிகள் எடிட் செய்வதற்கு முன்பே சில நூறு ஜிபி வந்துவிடும். பென் டிரைவ் தாங்காது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸும் பிள்ளைகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட்டும் போக அதில் மிச்சமில்லை. கூகுள் போட்டோஸும் 2021 ஜூனில் இருந்து 15 ஜிபிக்கு மேல் காசு கேட்கிறது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு அநேக வீடுகள் இப்படித்தான் வருகின்றன.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் நின்றாலும் ஆன்லைனில் தேடினாலும் முதல் குழப்பம், எந்தக் கம்பெனி என்பது. இதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவை 2011ல் சீகேட்டும், ஹிட்டாச்சியின் பிரிவை 2012ல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் வாங்கிவிட்டன. அட்டைப்பெட்டியில் வேறு பெயர் இருந்தாலும் உள்ளே சுழல்வது இந்த மூவரில் ஒருவருடைய சரக்குதான். மூன்றிலும் நன்றாக உழைப்பதும் உண்டு, ஆறு மாதத்தில் படுப்பதும் உண்டு.

பெயரை விட அளவைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குல டிஸ்க், யுஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். கனமான 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும்; ஆனால் 8 டிபி, 10 டிபி என்று போனால் ஒரு டிபிக்கு ஆகும் செலவு அதில்தான் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் அடாப்டர் டிஸ்க் அப்படியே நிற்கும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாழாகலாம். யுபிஎஸ் இல்லாத வீட்டில் லேப்டாப்பில் சொருகுபவருக்குச் சின்னதே போதும், அது லேப்டாப் பேட்டரியிலேயே ஓடும்.

கொள்ளளவில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. மோட்டார், கூடு, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு எல்லாம் எந்த டிஸ்க்குக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். அதனால் பாதி கொள்ளளவுக்குப் பாதி விலை என்ற கணக்கு இங்கே நடக்காது. 2024ல் 1 டிபி டிஸ்க் 5,000 ரூபாயை ஒட்டியும், 2 டிபி 7,000 ரூபாய்க்குள்ளும் கிடைத்தன. விலை அதன் பிறகு ஏறலாம், இறங்கலாம். இந்த விகிதம் பெரிதாக மாறாது. மலிவு என்று 500 ஜிபி வாங்குவதுதான் உண்மையில் அதிக விலை கொடுத்து வாங்குவது. சாதாரண வீட்டுக்கு 2 டிபி சரியாக இருக்கும். ஒரு போட்டோ 4 எம்பி என்றால் 20,000 போட்டோவுக்கு ஆவது 80 ஜிபிதான். இடத்தைத் தின்பது வீடியோ.

வாங்கிவந்து சொருகியதும் 1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபிதான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. யாரும் எதையும் திருடவில்லை.

திருட்டு நடக்கும் இடம் வேறு. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு '16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி' என்று ஆன்லைனில் வரும் பளபளப்பான பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது என்ன? நகத்தளவு மெமரி கார்டு ஒன்றோ இரண்டோ, ஒரு சின்ன போர்டில் சொருகி, பசையால் ஒட்டி வைத்திருப்பதை. 16 டிபி இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி போர்டை மாற்றி வைத்திருப்பார்கள். முதல் சில ஜிபி ஒழுங்காக ஏறும். அதற்குப் பிறகு போடும் ஃபைல் பெயரளவில் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். ஆனால் அந்த விலையைப் பார்த்தாலே போதும், டெஸ்ட் தேவைப்படாது.

நிஜமான எஸ்எஸ்டி வாங்கலாமா என்றால், தினமும் பையில் போட்டு ஆபீசுக்கும் வீட்டுக்கும் தூக்கி அலைபவருக்கு வாங்கலாம். சுழலும் பாகம் இல்லாததால் விழுந்தாலும் பிழைக்கும், வேகமும் பல மடங்கு. ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை கணிசமாகக் கூடும். தவிர, நிறைய எழுதித் தேய்ந்துபோன எஸ்எஸ்டியை மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்தால், அதிலிருக்கும் தகவல் மெல்ல அழிய வாய்ப்புண்டு. கல்யாண வீடியோவைப் போட்டு மூடி வைக்க, என் கணக்கில் ஹார்ட் டிஸ்க்தான் லாபம்.

வேகத்தைப் பற்றி அட்டைப்பெட்டி சொல்வதைப் பாதி கழித்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் கடத்தும் என்பது உண்மை. ஆனால் 2.5 அங்குல டிஸ்க் கொடுக்கக்கூடியதே நொடிக்கு 120 எம்பி போலத்தான். அந்தக் கணக்கில் 2 டிபி நிரம்ப நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகினால் அதே வேலைக்கு 16 மணி நேரம். யுஎஸ்பி 3.0 போர்ட்டிலேயே சில டிஸ்க்குகள் முதலில் 120ல் பறந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து 20, 30 என்று தவழும். டிஸ்க் பழுது என்று பயந்துவிடுவோம். விலை குறைவான டிஸ்க்குகளில் அதிக இடம் பிடிப்பதற்காகத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதுகிறார்கள். எஸ்எம்ஆர் என்று இதற்குப் பெயர். ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டிவருவதால் வேகம் விழுகிறது. ஒரு தடவை போட்டுவிட்டு எப்போதாவது பார்ப்பவருக்கு இது குறையே இல்லை. டிஸ்க்கிலேயே வைத்து வீடியோ எடிட் செய்பவருக்குத்தான் தலைவலி.

'டிக், டிக்' என்று சத்தம் வந்து டிஸ்க் தெரிந்தும் தெரியாமலும் போனால், உடனே ரிப்பேர் கடைக்கு ஓடாமல் சிபியுவின் முன்பக்கத்தில் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே நீளமான வயர் போகிறது. டிஸ்க் சுழலத் தேவையான மின்சாரம் சில கேபினெட்டுகளில் அங்கே சரியாக வந்து சேராது. பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் நீல நிற போர்ட்டில் போட்டால் பாதி 'பழுது' தீர்ந்துவிடும். கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு வித்தியாசம் விளம்பரத்தில் வராது. சில 2.5 அங்குல டிஸ்க்குகளில், முக்கியமாக வெஸ்டர்ன் டிஜிட்டல் மாடல்களில், யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். சாக்கெட் ஆடி உடைந்தால், உள்ளே இருப்பதைக் கழற்றி வேறு கூட்டில் போட முடியாது. சாதாரண சாட்டா டிஸ்க்கை உள்ளே வைத்திருக்கும் மாடலில் அந்த வழி இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் போட்டோவை எல்லாம் டிஸ்க்குக்கு மாற்றி, கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, "பேக்கப் எடுத்தாச்சு" என்கிறார்கள். அது பேக்கப் இல்லை, வீடு மாற்றியது. நேற்று ஒரு பிரதி இருந்தது, இன்றும் ஒன்றுதான். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. ஏசி அறையில், அசைக்காமல் ஓடும் அந்த டிஸ்க்குகளிலேயே ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, இரண்டு படுக்கின்றன. நம் வீட்டு டிஸ்க் மேஜையிலிருந்து தொங்கும் கேபிளில் குழந்தையின் கால் சிக்கி விழும். வாரன்டி இருக்கிறதே என்றால், அது டிஸ்க்குக்கு. உள்ளே இருந்த போட்டோவுக்கு அல்ல. டேட்டா மீட்பவர்கள் கேட்கும் தொகையில் நாலைந்து புது டிஸ்க் வாங்கலாம், அப்போதும் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

ஆகவே கையில் இருக்கும் காசை ஒரே 'ரக்கட்' மாடலில், தண்ணீர் படாது தூசி ஏறாது என்ற ஒன்றில், போடுவதை விட இரண்டு சாதாரண டிஸ்க்காக வாங்குவதே மேல். ஒன்று உங்களிடம், இன்னொன்று ஊரில் அண்ணன் வீட்டிலோ ஆபீஸ் டிராயரிலோ. ஒரே வீட்டில் வைத்தால் பயன் பாதிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கிய சென்னை வீடுகளில், ஒரே அலமாரியில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனைந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது புதுப் படங்களும் ஏற்றிய டிஸ்க்கைக் கொடுத்து அங்கிருப்பதை வாங்கி வந்தால் போதும்.

வாங்கிய அன்றே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புது டிஸ்க்கில் பூஜ்யமோ, ஒற்றை இலக்கமோ இருக்கும். ஆயிரக்கணக்கில் காட்டினால் பழையதைப் புதிதென்று தலையில் கட்டியிருக்கிறார்கள். பில்லோடு திருப்பிக் கொடுங்கள். விண்டோஸும் மேக்கும் இருக்கும் வீடென்றால் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32ல் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு வீடியோகூட ஏறாது.

இரண்டாவது டிஸ்க்குக்குக் காசில்லை என்றால், பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பைக் கீழே இறக்குங்கள். திரை போயிருக்கலாம், பேட்டரி உப்பியிருக்கலாம். அதிலிருக்கும் 500 ஜிபி, 1 டிபி சாட்டா டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 2.5 அங்குலக் கேஸிங்கில் போட்டால் அதுவும் எக்ஸ்டர்னல் டிஸ்க்தான். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் நீலமாக 'குட்' என்று வந்தால் இரண்டாவது பிரதிக்குத் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் வந்தால், அதில் ஏற்கெனவே இருக்கும் பழைய போட்டோக்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.